விட்டுப்போன ஐந்து டிக்

என் நாத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் அம்பதக்கா. வயதைப் பார்த்து வைத்ததில்லை, அவளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் டயர் கடையில் சக்கரம் மாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் சாவியைக் கொடுக்கும்போது அவள் சொல்வது ஒன்றுதான். "அம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க. போல்ட்டை மறுபடி பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை." எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கடை எங்கள் இருவருடையது. சக்கரம் அவள் பொறுப்பு. பில், ஃபோன், வருகிறவர்களுடைய வாய் எல்லாம் என் பொறுப்பு. அவளுடைய அண்ணனை, அதாவது என் வீட்டுக்காரரை, இந்தக் கதையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அவருக்கு. யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவார். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் வேர்த்துக் கொட்டிவிடும்.

இவள் சக்கரத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். வேனின் பின்பக்கத்திலிருந்து 'தடக் தடக்' என்று ஒரு சத்தம். மெதுவாகப் போனால் கேட்கும், வேகமெடுத்தால் மற்ற சத்தத்தில் அமுங்கிப் போகும். மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை" என்றார். வைத்தாள். நாலாம் நாள் ஓர் இறக்கத்தில் வரும்போது, ஒரு சக்கரம் தன்னந்தனியாக அவளை முந்திக்கொண்டு ஓடியது. 'அடப்பாவமே, யாரோடதோ' என்று பரிதாபப்பட்டாளாம். பரிதாபப்பட்டு முடிப்பதற்குள் வேனின் பின்பக்கம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

சக்கரம் நேராகப் போய் ஒரு சலூன் கதவில் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து ஒருவர், பாதி கன்னம் நுரையோடு, கழுத்தில் துண்டோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாராம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ரொட்டிகூட நசுங்கவில்லை. ஆனால் இவளுக்கு மட்டும் ஆறவில்லை.

"மூணு நாளா அது என்கிட்ட சொல்லிட்டே இருந்துச்சு அண்ணி. நான் பாட்டு கேட்டுட்டு இருந்திருக்கேன்" என்று அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அடுத்த மாசமே வேன் வேலையை விட்டுவிட்டு ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் சேர்ந்தாள். ஐந்து வருஷம் கழித்து, நானும் வீட்டில் சும்மா இருந்து சலித்துப்போயிருந்த சமயத்தில், இருவருமாக இந்தக் கடையைப் போட்டோம்.

கார்ச் சத்தத்தை வார்த்தையால் சொல்ல இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. வாயால்தான் செய்து காட்டுவார்கள். கோட்டு போட்ட வக்கீல் என் மேஜைக்கு முன்னால் நின்று, "உர்ர்ர்ர்... அப்புறம் க்ளிங், மறுபடி உர்ர்ர்" என்பார். நான் சிரிக்காமல் எழுதிக்கொள்வேன். இவள் கொஞ்சமும் சிரிக்காமல் மூன்று கேள்வி கேட்பாள். "எந்த வேகத்துல வருது? வளைக்கும்போது மாறுதா? பிரேக் போட்டா நிக்குதா?" பிறகு ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காரின் சொந்தக்காரரைப் பேசாமல் இருக்கச் சொல்லி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவாள்.

வேகம் கூடக்கூட ஊளையும் கூடி, இடதுபக்கம் வளைக்கும்போது இன்னும் பெரிசாகக் கேட்டால் வலதுபக்கத்து பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தமாம். எப்படி வளைத்தாலும் மாறாமல் ஒரே மாதிரி ஊளையிட்டால் டயர் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'கடகட' என்றால் ஆக்ஸில் பக்கம் பார்க்க வேண்டும். வக்கீலுடைய 'க்ளிங்', சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த ஊறுகாய் பாட்டில். அவருடைய மனைவி ரெண்டு மாசமாக அதைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

போல்ட் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. சக்கரம் உட்காருகிற இடத்தை முதலில் பிரஷ்ஷால் துருப் போகத் தேய்ப்பாள். எல்லா போல்ட்டையும் விரலாலேயே மரை பிடிக்க வைப்பாள். காற்றழுத்தத்தில் போல்ட்டை முறுக்கும் ஏர் கன்னை லேசாக ஒரு தொடு தொட்டு எடுத்துவிடுவாள். காரைத் தரையில் இறக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் வரும். அது ஒரு நீளமான இரும்புக் கைப்பிடி. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். ஒரு போல்ட்டை முடித்தால் அடுத்தது அதற்கு எதிரில் இருப்பது. அப்படி நட்சத்திரம் போடுகிற மாதிரி மாற்றி மாற்றி இறுக்குவாள். ஒரு சக்கரத்துக்கு ஐந்து டிக். நாள் முழுக்க என் காதில் விழுவது அதுதான்.

சிலர் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பார்கள். அதைப் பார்த்தால் இவளுக்கு உடம்பெல்லாம் எரியும். "இறுகணும், நசுங்கக் கூடாது. ரொம்ப முறுக்கினா போல்ட் நீண்டு போயிரும். அப்புறம் அது நம்மளுக்கு உதவாது."

இப்படிப்பட்டவள் கையிலிருந்தே ஒரு சக்கரம் தப்பிப் போன நாளைத்தான் சொல்ல வந்தேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் நல்ல உயரம், அவசரக்காரர். பின்பக்கம் ஊளைச் சத்தம் என்றார். இவள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் நன்றாக இருக்கிறது, பின் டயர் ரெண்டும் ரம்பப் பல் மாதிரி தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புது டயர் போட ஆரம்பித்தாள். இடதுபக்கம் முடிந்தது. வலதுபக்கம் மாட்டி, ஏர் கன்னால் ஒரு தொடு தொட்டு, காரை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து டயர் ஏற்றி வந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. எங்கள் வேன் வழியில் நின்றிருந்தது. இவள் அதை நகர்த்தப் போனாள்.

கார் தரையில் நிற்கிறது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் பில் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். லாரியிலிருந்து டயர்களை இறக்கி அடுக்குகிற மும்முரத்தில் அவளும் அந்தக் காரை மறந்துபோனாள்.

பத்தேகாலுக்கு அடுத்த கார் வந்தது. "அண்ணி, ரெஞ்ச் எங்க?" என்று தேடினாள். இடதுபக்கத்துச் சுவரோரம் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தவள், எடுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி... இது ஏன் இந்தப் பக்கம் கிடக்கு?"

"நீதானே வச்சே?"

"வச்சேன். இடது சக்கரம் முடிச்சுட்டு இங்க வச்சேன். வலதுபக்கத்துக்கு எடுத்துட்டே போகலையே." அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க டிக் கேட்டீங்களா? அஞ்சா, பத்தா?"

யோசித்துப் பார்த்தேன். ஐந்துதான்.

"உடனே ஃபோன் பண்ணுங்க. கார் எங்க இருந்தாலும் அப்படியே நிறுத்தச் சொல்லுங்க."

பில் புத்தகத்தைப் புரட்டினேன். நம்பரை ஒருமுறை எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். ஒன்பது எண்கள்தான் இருந்தன. அவர் படபடவென்று சொன்னதில் ஒன்றை முழுங்கியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'வெள்ளைக் கார்' என்று எழுதி வைத்திருந்தேன். சாவியைக் கொடுத்ததும் நான், நம்பரைத் தொலைத்ததும் நான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"கடைசி எண்தான் விட்டிருக்கும். ஒண்ணு ஒண்ணாப் போட்டுப் பார்ப்போம்" என்றாள்.

ஆளுக்கு ஒரு ஃபோனாகப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தோம். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. அடுத்ததில் ஒரு பெண், "குழந்தை இப்பத்தான் தூங்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டாள். இன்னொன்றில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "என்னுது வெள்ளை இல்லம்மா, நீலம். ஆனா முன்னால 'கீச்'சுன்னு ஒண்ணு வருது..."

"பிரேக் போடும்போதா, போடாதப்பவா?" என்று இவள் ஆரம்பித்துவிட்டாள். நான் ஃபோனைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பத்தும் முடிந்தது. எங்கள் ஆள் எதிலும் இல்லை.

"சரி, யோசிங்க. அந்தக் காருக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றாள்.

நான் காருக்குள் எங்கே பார்த்தேன்? அவளே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தாள். "பின் சீட்டுல துண்டு காயப் போட்டிருந்துச்சு. நாலஞ்சு துண்டு. கண்ணாடியில ஒரு விசில் தொங்குச்சு. உள்ள ஒரு வாசனை... மருந்து வாசனை மாதிரி..."

எனக்குப் பொறி தட்டியது. "அந்தாளுக்குத் தலை நனைஞ்சிருந்துச்சு. வெளியில ஒரு சொட்டு மழை இல்ல."

"நீச்சல் குளம்!" என்றோம் ரெண்டு பேரும்.

ஊரில் பெரிய குளம் ஒன்றுதான், பத்து நிமிஷ தூரம். ஜாக்கி, ரெஞ்ச், கட்டைகள், பிரஷ் எல்லாவற்றையும் வேனில் எறிந்துவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். எங்கேயாவது மூன்று சக்கரத்தோடு ஒரு கார் சாய்ந்து கிடக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளத்து வாசலில் ஏழு வெள்ளைக் கார் நின்றன. எனக்கு ஏழும் ஒன்றுபோலவே இருந்தன. அவள் காரைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். புது டயரில் முள் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதை ஐந்தாவது காரில் கண்டுபிடித்தாள். வலதுபக்கம் மண்டி போட்டு, ஒரு போல்ட்டைப் பிடித்து விரலால் திருப்பினாள். திரும்பியது.

"ஏய்! கையை எடு! கையை எடுன்னு சொல்றேன்ல!"

வாட்ச்மேன் ஓடி வந்தார். போன வாரம்தான் இங்கே ஒரு காரின் நாலு சக்கரத்தையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்களாம். அதிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறார். அவர் கண்ணுக்கு எதிரேயே ஒருத்தி கிரீஸ் கையோடு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஜாக்கி கிடக்கிறது.

"அண்ணே, நான் கழட்ட வரல, மாட்ட வந்திருக்கேன்."

"இருக்கிற சக்கரத்தை எதுக்கு மாட்டணும்? எனக்குக் காது குத்தாதே!"

அவள் சண்டை போடவில்லை. "இங்க வாங்க. இந்த போல்ட்டைத் தொட்டுப் பாருங்க. ரெண்டே விரல்."

அவர் சந்தேகத்தோடு குனிந்து தொட்டார். திரும்பியது. சுட்டுவிட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, இது வாத்தியார் கார்" என்றவர், எனக்கு முன்னால் உள்ளே ஓடினார்.

நீச்சல் வாத்தியார் தோளில் துண்டோடு வந்தார். அவருக்குப் பின்னால், தலையில் ரப்பர் தொப்பியோடு நாலு பெண்கள், நாலு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அன்று மத்தியானம் பக்கத்து ஊரில் அவர்களுக்குப் போட்டி. பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் போவதாக இருந்தாராம்.

என் நாத்தனார் எழுந்து நின்றாள். "சார், தப்பு என்னோடது. வலதுபக்கத்துச் சக்கரத்தை முழுசா இறுக்காம விட்டுட்டேன்."

"சாவியைக் கொடுத்தது நான்" என்றேன் நானும்.

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "வர்ற வழியில 'தடக் தடக்'னு ஒண்ணு கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "புது டயர், பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்." பிறகுதான் கோபம் வந்தது. "இவங்க நாலு பேரையும் ஏத்திட்டுப் போயிருப்பேனே! என்ன கடை நடத்துறீங்க நீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தொப்பிக்காரர்களில் குள்ளமாக இருந்த அம்மாதான் நடுவில் வந்தார். "திட்டினது போதும் வாத்தியாரே. தேடிப் பிடிச்சு வந்து சொல்லியிருக்கா. முதல்ல சக்கரத்தைப் பார்க்க விடுங்க, எனக்குக் குளிருது."

அப்படியே இறுக்கிவிட்டுக் கிளம்புவாள் என்று நினைத்தேன். இல்லை. இடது சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப் பிரேக்கை இழுத்து, ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்து, வலது சக்கரத்தை முழுசாகவே கழற்றினாள். தளர்ந்த சக்கரம் ஓடினால் ஓட்டைகள் அகன்றிருக்குமாம், போல்ட்டின் மரை தேய்ந்திருக்குமாம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார், போல்ட்டுகளை அதில் போட்டாள். கொஞ்ச தூரம்தான் ஓடியிருந்ததால் எதுவும் கெட்டுப் போகவில்லை. பிரஷ்ஷால் தேய்த்து, சக்கரத்தை உட்கார வைத்து, விரலால் மரை பிடித்து, ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்து, காரை இறக்கினாள். பிறகு ரெஞ்ச்சை எடுத்தாள்.

டிக்.

"ஒண்ணு!" என்றார் குள்ள அம்மா.

டிக்.

"ரெண்டு!" என்றார்கள் நாலு பேரும். வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். ஐந்தாவதுக்குக் கைதட்டலே கிடைத்தது. மற்ற மூன்று சக்கரத்தையும் அவளாகவே ஒருமுறை பார்த்தாள். வாத்தியார் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இனி நம்பி ஓட்டலாமா?"

"ஓட்டலாம் சார். ஆனா அம்பது கிலோமீட்டர் ஓடினதும்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க போற ஊர் எவ்வளவு தூரம்?"

"நாப்பத்தாறு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பத்தேகால் காரோடு கடையில் காத்துக்கொண்டிருந்தவருக்கு ஃபோன் போட்டு நாளைக்கு வரச் சொன்னேன். நான் அவரிடம் கேட்காத மன்னிப்பே பாக்கியில்லை.

அவர்களுக்குப் பின்னாலேயே எங்கள் வேனும் போனது. வழியெல்லாம் வெள்ளைக் காரின் வலது பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அது ஆடாமல் அசையாமல் உருண்டுகொண்டிருந்தது. நான் ரெண்டு தடவை தூங்கி விழித்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போய்ச் சேர்ந்ததும் வாத்தியார் காரை நிறுத்தப் போனார். இவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். "சார், இன்னும் நாலு கிலோமீட்டர் பாக்கி இருக்கு!" நாலு நீச்சல்காரர்களும் காருக்குள் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த விளையாட்டரங்கத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

மறுபடி ரெஞ்ச்சை வைத்தாள். இருபது போல்ட், இருபது டிக். ஒன்றுகூட இம்மி அசையவில்லை. எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். கடை போட்டு இத்தனை வருஷத்தில் அம்பது கிலோமீட்டர் கழித்து அவள் பார்த்த முதல் கார் அதுதான். வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

அவ்வளவு தூரம் வந்த பிறகு போட்டியைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? பார்த்தோம். எங்கள் நாலு பேர் தொடர் நீச்சலில் ஐந்து அணிகளில் மூன்றாவதாக வந்தார்கள். குள்ள அம்மா கடைசி ஆளாக இறங்கி, ஒருத்தியை முந்திவிட்டு வந்தார். என் நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டிப் போகிற அளவுக்குக் கத்தினாள். வாத்தியார் கிளம்பும்போது எங்களிடம் வந்து, "ஞாயிற்றுக்கிழமை காலையில ரெண்டு பேரும் குளத்துக்கு வாங்க. நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது என்றாள். "கத்துக்கலாம்" என்றார். அவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

திரும்பும்போது வேனை நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அவள் வாயைத் திறந்து தூங்கினாள்.

மறுநாள் எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்திருந்தாள். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் இரும்புக் கொக்கி ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். இனி ரெஞ்ச் அந்தக் கொக்கிக்கு வந்து சேர்ந்து, டிக் கணக்கும் சரியாக இருந்தால்தான் நான் சாவியைக் கொடுக்க வேண்டும். நம்பரை எழுதினால் வாய்விட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும். யார் அவசரப்பட்டாலும் சரி.

"நானே அவசரப்பட்டாலும் தராதீங்க அண்ணி" என்றாள், வாயில் ஓர் ஆணியைக் கடித்துக்கொண்டே.

"சரி. அந்தக் கொக்கி கோணலா இருக்கு."

ரெண்டு எட்டு பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லையே."

கோணலாகத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.